உரல் மேல் நின்ற கார்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் கார் பழுது பார்த்திருக்கிறேன். எட்டு நாள் பாடுபட்டு முடித்தபோது, தொடங்குவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அச்சாக அப்படியே இருந்தது கார். இருபத்தைந்து வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் பழனிசெட்டிபட்டியில் ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்திருக்காவிட்டால் இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன்.

டாக்டர் நண்பர் ஒருவரின் வண்டி. நான் பேச்சுத் துணைக்குப் போயிருந்தேன். மெக்கானிக் முன் சக்கரத்துப் பக்கமிருந்து தேய்ந்துபோன ரப்பர் புஷ்ஷைத் தட்டி எடுத்தார். புதியதைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, நெருக்கி ஏற்றினார். கால் மணி நேரம் ஆகவில்லை. "மயிரிழை ஆட்டம் இருக்கக் கூடாது சார். ஆட்டம் இருந்தா ஸ்டியரிங் நம்ம பேச்சைக் கேக்காது" என்றார். எனக்குத் தெரியாததா என்பதுபோல் தலையசைத்தேன். காது மட்டும் சுட்டது.

யுத்த காலத்தில் நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை. இங்கிலீஷில் பத்துப் புத்தகம் படித்தவன் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டிருப்பதா என்று ஒரு கொதிப்பு. மலையை விட்டுப் போன துரை ஒருவரின் பழைய கார் விலைக்கு வந்தது. வேலையை உதறினேன். உதறும்போது முதலாளியிடம் பேசிய பேச்சை இங்கே எழுதக் கூசுகிறது. கூட்டுச் சேர்ந்தவர் என் மனைவியின் அண்ணன் வெள்ளைச்சாமி. போடிக்கும் தேனிக்கும் பார வண்டி ஓட்டியவர். ஒரு ஜோடி மயிலைக் காளை வைத்திருந்தார். "மாட்டுக் காலம் முடிஞ்சது மச்சான், இனி பெட்ரோல் காலம்" என்று நான்தான் உபதேசம் செய்து, சின்னமனூர் ரோட்டில் விவசாயம் பார்த்த ஒரு சம்சாரிக்கு அந்த ஜோடியை விற்க வைத்தேன். விற்று ஒரு மாதத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. தீர்க்கதரிசிகளுக்கு இப்படி நேர்வது உண்டு.

ஒரே ஒரு வழி இருந்தது. மேகமலைத் தோட்டம் ஒன்றுக்கு வாடகைக் கார் தேவைப்பட்டது. பெட்ரோல் அவர்களே கொடுப்பார்கள். தோட்டத்து ரைட்டர் வந்து, ஏறிப் பார்த்து, சரி என்றால் நிரந்தர வேலை. இல்லை என்றால்? நான் காலில் விழ ஒரு கிட்டங்கியாவது இருந்தது. மச்சான் திரும்பிப் போக மாடு இல்லை.

காரோ, வேகம் எடுத்தால் சாமி வந்ததுபோல் முன் சக்கரத்தை உதறியது. முன்பக்கத்து வில் பட்டைகளின் முனையில் கண் மாதிரி ஒரு துளை, அதற்குள் வெண்கல வளையம், அதற்குள் ஒரு பின். அந்த வளையம்தான் புஷ். எல்லாம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தன. மதுரையில் தேடியும் புதுசு கிடைக்கவில்லை. வீட்டிலேயே செய்துவிடுவது என்று தீர்மானித்தோம். காரைத் தூக்கி நிறுத்த வீட்டு உரலையும் பக்கத்து வீட்டு உரலையும் கவிழ்த்தோம். இரண்டு வீட்டிலும் எட்டு நாள் இடிப்பது நின்றது. கன்னாரிடம் கொடுத்து உருக்கி வார்க்க என் மனைவிக்குச் சீர் வந்த பித்தளைக் குடம் போயிற்று.

"உரலைக் குடுத்தாச்சு, கொடத்தையும் குடுத்தாச்சு. இன்னும் என்ன, என்னைய அடியில வச்சு முட்டுக் குடுக்கப் போறீகளா?" என்றாள். அண்ணனும் மாப்பிள்ளையும் காருக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டோம்.

காரோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்திருந்தது. பாதியைக் கரையான் தின்றிருந்தது. புஷ் பற்றிய பக்கத்தைத் தின்னவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. வளையம் கண்ணுக்குள் இறுக்கமாக ஏற வேண்டும், பின் சிக்கென்று நிற்க வேண்டும் என்று எழுதியிருந்ததை நானே உரக்கப் படித்துத் தமிழும் சொன்னேன்.

மச்சான் சிரித்தார். "இறுக்கி ஏத்துனா அது எங்கிட்டுச் சுத்தும்? அச்சுல ஆட்டம் இல்லாட்டி மாடு நாக்குத் தள்ளிரும் மாப்ள."

"இதுல மாடு கிடையாதே மச்சான்."

"இழுக்குறது எதுவோ, அதுக்கு நாக்குத் தள்ளும்."

இருபது வருஷம் வண்டி ஓட்டியவர் சொல்கிறார். வண்டிச் சக்கரம் அச்சில் கடகடவென்று ஆடி ஓடுவதை நானும் பிறந்தது முதல் பார்த்திருக்கிறேன். புத்தகம் எழுதிய வெள்ளைக்காரன் போடி ரோட்டைப் பார்த்தானா? புத்தகத்தை மூடினேன். இருவருமாக அரம் எடுத்து அந்தப் புத்தம்புது வளையங்களை உள்ளும் புறமும் ராவினோம், ராவினோம், பின்னை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் தானாக விழும்வரை. பிறகு மச்சான் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை பூசினார். பேதிக்குக் கொடுத்த நாளிலிருந்தே எனக்கு விளக்கெண்ணெய் வாடை ஆகாது. அன்று மட்டும் மணத்தது.

ரைட்டர் வெள்ளை வேட்டியில் வந்து முன்னால் ஏறினார். நான் ஓட்டினேன். மச்சான் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சின்னமனூர் ரோட்டில் முதல் பாலத்தை ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் என் கையை உதறிவிட்டுத் தன் பாட்டுக்குப் போனது. வாய்க்காலில் போய்த்தான் நின்றது. ரைட்டர் இறங்கி, வேட்டியைப் பிழிந்தார். போடியைப் பார்த்து நடந்தார்.

காரை வெளியே இழுக்க மாடு தேடினோம். அருகில் மாடு வைத்திருந்தவர் அந்தச் சம்சாரிதான். ஓட்டிக்கொண்டு வந்தார், அதே மயிலை ஜோடியை. வலத்துக் காளை மச்சான் தோளில் மூக்கை வைத்துத் தேய்த்தது. மச்சான் அதன் முகத்தைப் பார்க்காமல் காருக்குக் கயிறு கட்டினார். "நீயே பத்துப்பா, ஒன் கொரலுக்குத்தான் இழுக்கும்" என்றார் சம்சாரி. மச்சான் ஒரு சத்தம் கொடுத்தார். அவ்வளவுதான், கார் எழுந்து ரோட்டுக்கு வந்தது. வீடு வரைக்கும் அவரே மாட்டைப் பத்தினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே இருந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது கயிற்றைச் சம்சாரி கையில் தராமல் தரையில் போட்டுவிட்டு வந்தார்.

எனக்குக் கிட்டங்கியில் மறுபடி இடம் கிடைத்தது, என்னிடம் வேலை பழகியவனுக்குக் கீழே. மச்சான் மேகமலைக்குக் கூலியாகப் போனார், எங்கள் கார் ஏற வேண்டிய பாதையில் நடந்தே. கூலிகளுக்கான லைன் வீட்டில் ஒரு அறை. மூன்றாம் வருஷ மழையில் மலைக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. கொல்லையில் கோழி அடைந்துகொண்டிருந்த காரைப் பிறகு பழைய இரும்புக்குப் போட்டேன். இன்று அந்த ரோட்டில் பார வண்டி கிடையாது. வண்டி மை என்றால் என் பேரனுக்குக் கண்ணுக்கு இடும் மைதான்.

தப்பு எங்கே என்று நான் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்துப் புரிந்துகொண்டேன். மச்சானிடம் சொல்லவில்லை. சாவதற்கு முந்தின பொங்கலுக்கு மலையிலிருந்து இறங்கி வந்தவர், கோழிகளை விரட்டிவிட்டுக் காரின் முன்னால் குந்தினார். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது. முகம் மலர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா மாப்ள, இம்புட்டு மழையில கெடந்தும் இறுகல பாரு. வேலைன்னா இதுதான் வேலை."