காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

மதுவிலக்கு வந்த பிறகு எங்கள் ஊர்க் குடிகாரர்களுக்கு இருந்த ஒரே கஷ்டம், முந்திரிக்காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும் என்பதுதான். என் அக்கா புருஷனுக்கு அந்த நடை பழகிவிட்டது. விடிந்ததும் கை நடுங்கும். ஒரு டம்ளர் சாராயம் உள்ளே போனால் நிற்கும். எனக்கு நடக்கிற வேலையும் இல்லை. ஆலங்குடியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன், அலமாரியில் இஞ்சி டிங்சர் இருந்தது; பேர்தான் மருந்து, முக்கால்வாசி சாராயம். வயிற்றுக்கு நல்லதென்று இரண்டு அவுன்ஸில் ஆரம்பித்தேன். அளப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த வருஷம் மாமா மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டினார். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் குடிக்கக் கூடாது. திருவிழா முடியும்வரை ஊர் எல்லையையும் தாண்டக் கூடாது. அக்கா பூரித்துப்போனாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஊரிலிருந்து ஆலங்குடிக்குச் சைக்கிளில் ஆள் வந்தது. மாமாவுக்குச் சாமி வந்திருக்கிறதாம்.

ஓடிப்போய்ப் பார்த்தால், மாமா வியர்த்து விறுவிறுத்து, உடம்பெல்லாம் நடுங்க, வெறும் சுவரைக் காட்டி, "எறும்பு! தட்டிவிடுங்கடா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"எறும்பு ஏறுதுன்னா மழை வரப்போகுதுன்னு ஆத்தா சொல்றா" என்று பூசாரி விளக்கினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் விழுந்து கும்பிட்டு, எனக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குறி கேட்டேன். "ஒன் மூஞ்சியில எறும்பு" என்றது சாமி.

அக்கா மட்டும் கும்பிடவில்லை. "மூணு நாளாக் கண்ணு மூடல. என்னையவே யாருன்னு கேக்குறாரு. இது சாராயம் இல்லாம வந்த நடுக்கம்டா. கம்பவுண்டருன்னு பேரு, ஒனக்குத் தெரியலையா?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் மாமா விறைத்து விழுந்தார். வலிப்பு வந்து கைகால் இழுத்தது. செத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

புதுக்கோட்டைக்குக் கொண்டுபோக வண்டி கட்டினோம். பூசாரி குறுக்கே நின்றார். "காப்போட எல்லை தாண்டுனா ஆத்தா சும்மா விடமாட்டா."

அக்கா மாமாவின் கைக் கயிற்றை அவிழ்த்து என் கையில் கட்டினாள். "பால்குடத்த இவன் எடுப்பான். வழிய விடுங்க."

நான் ஊருக்குள் மாட்டிக்கொண்டேன். ஆலங்குடி எல்லைக்கு அங்கிட்டு இருந்தது; டிங்சரும்தான்.

மூன்று நாள் கழித்து, மாற்றுச் சேலை எடுக்க அக்கா காலை பஸ்ஸில் வந்தாள். மாமா பிழைத்துக்கொண்டார். ஊசி போட்டுத் தூங்கவைத்து, குளுக்கோஸ் ஏற்றி, பக்கத்தில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்திருந்தார்களாம். இத்தனை வருஷம் குடித்தவனை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னது யார் என்று டாக்டர் சத்தம் போட்டாராம்.

கேட்டுக்கொண்டே அவளுக்குக் காப்பி கொடுத்தேன். டம்ளர் டவராவில் கடகடவென்று அடித்தது. காப்பி பாதி தரையில் கொட்டியது. அக்கா என் கையையே பார்த்தாள்.

"எறும்பு ஏதும் தெரியுதாடா?"

இல்லை என்றேன். சொல்லும்போதே பயத்தில் அழுதுவிட்டேன்.

அவள் என் கைக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். "தெரியறதுக்குள்ள போயி புதுக்கோட்டை பஸ்ஸுல ஏறு. இதப் பூசாரி கையில கட்டிட்டு வாரேன்."