மூன்றாம் பல்செட்டும் அக்காவின் நாக்கும்

1961 மார்ச் 6, திங்கட்கிழமை. இடம்: மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டு. இருந்தவர்கள்: பல்செட் கட்டுபவர், வயது நாற்பத்து நான்கு, ஏழாண்டுகளாக அங்கே சிகிச்சை பெறும் அவருடைய அக்கா, புதிதாகச் சேர்ந்த பெண் டாக்டர், வார்டு நர்ஸ். நோக்கம்: அக்காவுக்கு மூன்றாவது செட் பொருத்துதல்.

பல்செட்காரரை வார்டில் 'மெழுகர்' என்பார்கள். பல்செட்டுக்கு அச்செடுக்க உருக்கும் மெழுகு சுட்டுச் சுட்டு அவர் விரல்நுனிகள் வழவழத்துப் போயிருந்தன. அவர் கட்டிய செட் ஆடியதாகப் பேச்சே கிடையாது. ஆனால் அக்கா மட்டும் வாயில் ஒன்றுமில்லாதபோதும் ஓயாமல் மென்றாள். நாக்கு எட்டிப் பார்ப்பதும் உள்ளே ஓடுவதுமாக இருந்தது. முதல் இரண்டு செட்டும் சரியில்லை என்றே முந்தைய டாக்டர்கள் முடிவுகட்டினார்கள். மெழுகரும் அதை மறுக்கவில்லை. பிழை தன்னுடையது என்றால் அரத்தை எடுத்துத் தானே தேய்த்துச் சரிசெய்துவிடலாம் அல்லவா?

"பல்லு கட்டச் சொன்னா மாவு மில்லு கட்டி வச்சிருக்கீங்களேண்ணே!" என்றாள் நர்ஸ்.

"சிரிக்காதடி. கரண்டே இல்லாம ஓடுற மில்லு. என் தம்பி கைராசி அப்படி" என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. "அண்ணே, செட்டைக் கழட்டுங்க. வெறும் வாயைப் பார்ப்போம்."

கழற்றினார். வாய் நிற்கவில்லை.

"அக்கா, நாக்கைக் கொஞ்சம் அடக்கேன்" என்றார் மெழுகர்.

"உன் அத்தானாலயே அடக்க முடியல. நான் எம்மாத்திரம்?"

அதைச் சொல்லும் வரை நாக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பணிந்து நின்றது. சொல்லி முடித்ததும் தன்பாட்டுக்குப் புறப்பட்டது. மதியம் அக்கா கண்ணயர்ந்தபோது உதடு, தாடை, நாக்கு மூன்றும் காற்றில்லாக் குளம்போல் அடங்கின. மெழுகர் கட்டிலருகே குனிந்து அந்த வாயையே பார்த்தார். தாடையெலும்பின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவருக்கு அத்துப்படி. அதை மேலிருந்து ஆட்டுவிப்பது எது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"அஞ்சு வருஷமா சாப்பிடுற மாத்திரை மூளைல எங்கயோ கை வச்சிருச்சுன்னு நினைக்கிறேண்ணே" என்றார் டாக்டர். "நிறுத்தினாலும் இது போகுமான்னு தெரியல."

"நிறுத்தினா, அக்காவுக்குக் காதுல குரல் கேட்டுதே, அது?"

"திரும்ப வரலாம்."

"அப்போ என் செட்டுல தப்பில்லையாம்மா?"

"ஒரு தப்பும் இல்ல."

மூன்று மாதமாக அவர் கேட்க ஏங்கிய சொல் அது. இப்போது கேட்டதும் அரத்தைப் பெட்டிக்குள் வைத்தார்; மறுபடி எடுத்தார்; மறுபடி வைத்தார்.

"நீங்க சொல்றது நிஜம்னா, சொந்தப் பல்லு இருக்கிறவங்க வாயும் ஆடணுமேம்மா. பார்த்துடலாமே."

மறுநாள் காலை இருவரும் கட்டில் கட்டிலாகப் போனார்கள். டார்ச்சை மெழுகர் பிடித்தார். ஒவ்வொரு வாய் திறக்கும்போதும் அது அசையாதிருக்க வேண்டும், தப்பு தன் செட்டிலேயே இருக்கட்டும் என்று மனத்துக்குள் கும்பிட்டார்.

அதே மாத்திரை சாப்பிடுபவர்களில் சொந்தப் பல் உள்ளவர்கள் முப்பத்தெட்டுப் பேர். வாய் அசைந்தவர்கள் ஒன்பது பேர்.