முதல் நாள் அறிமுகம்

குளிர்காலம் வந்துவிட்டால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து புதிதாக நாலு பேர் வந்து இறங்குவார்கள். ஆவடி பக்கம் சேக்காட்டில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் தொண்டு செய்ய வருகிறவர்கள். பெற்றோர் இல்லாத, இருந்தும் இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே பாடம், சுண்டல், விளையாட்டு எல்லாம் உண்டு. அந்தப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்களின் சின்னக் கடைகளுக்கும் ஏதாவது ஒத்தாசை கிடைக்கும். இதற்காகச் சொந்தச் செலவில் கடல் தாண்டி வருகிறவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அலுத்துவிட்டது.

என் வேலை மொழிபெயர்ப்பு. பகலெல்லாம் முகப்பேரில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்திவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே ஆவடிக்கு வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது தொண்டையில் சத்தமே மிச்சமிருக்காது. அதற்கப்புறம்தான் முதல் நாள் அறிமுகம். பிள்ளைகளும் வந்தவர்களும் பாயில் வட்டமாக உட்கார்வார்கள். உன் பெயர் என்ன, வீட்டில் யார் யார், அம்மா என்ன செய்கிறார்? போன குழு இதையேதான் கேட்டது, அதற்கு முந்தைய குழுவும். பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தை வாய்ப்பாடு போல ஒப்பிக்கும். நானும் அதே ராகத்தில் ஆங்கிலத்தில் ஒப்பிப்பேன்.

ஒரு பெண் மட்டும் இதில் ஒட்டாமல் போனாள். பதினோரு வயது. அப்பா எங்கேயோ போய்விட்டார். அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டாள். அம்மா நடத்திய இட்லிக் கடையை இப்போது சித்தி நடத்துகிறாள். அந்தக் கடைக்கு ஒரு கிரைண்டர் வாங்கித் தர முடியுமா என்று ஒவ்வொரு குழுவிடமும் கேட்டுக்கொண்டிருந்தோம். முதல் இரண்டு குழுக்களிடம் அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டி நீளமாகப் பேசினாள். அதற்கப்புறம், புதுக் குழு வருகிற அன்று மட்டும் அவளைக் காணோம். “வயிறு நோவுதாம் மிஸ்” என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொல்லும். மறுநாள் குதித்துக்கொண்டு வருவாள்.

எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பாவம், அம்மாவின் சாவை எத்தனை முறைதான் சொல்லும்! கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அடுத்த குழு வந்த அன்று நானே அவள் வீட்டுக்குப் போய், “நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நான் பாத்துக்கறேன்” என்று கையைப் பிடித்து அழைத்துவந்தேன்.

அன்று கேள்வி கேட்டவளுக்கு இருபது வயது இருக்கும். வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. உன் அம்மாவைப் பற்றிச் சொல்வாயா என்று பிரியமாகத்தான் கேட்டாள். நான் பிள்ளையிடம் திரும்பி, “நேத்து வீட்ல என்ன குழம்பு?” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “கருவாட்டுக் கொழம்பு மிஸ். சித்தி உப்ப அள்ளிக் கொட்டிச்சி, வாய்ல வெக்க முடில.”

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் முகம் மாறாமல் மஞ்சள் காமாலை, ஓடிப்போன அப்பா, தனியாக அல்லாடும் சித்தி, கிரைண்டர் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். எல்லாம் மனப்பாடம். வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு துயரத்திலும் சிரிக்கிறாளே, என்ன தைரியம் என்றாள். கிரைண்டருக்கு வழி பிறந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் அந்தப் பிள்ளை மட்டும் வாசலில் நின்றாள்.

“எங்கம்மாவ பத்திதான கேட்டாங்க? மதர்னாங்க, எனக்குத் தெரியும்.”

“ஆமாம்மா. நீ கஷ்டப்பட வேணாம்னு நானே சொல்லிட்டேன்.”

“ரவுடி கதைய சொன்னீங்களா?”

“எந்த ரவுடி?”

“நான் ரெண்டு வாட்டியும் சொன்னேனே மிஸ்! எங்கம்மா கட போட்டுகினு இருக்கசொல்ல ஒருத்தன் டெய்லி ஓசில துன்னுட்டுப் போவான். எல்லாரும் பயந்துகினு கம்முனு இருந்தாங்க. எங்கம்மா ஒருநாள் அவன் கைல இருந்து தட்டப் புடுங்கிச்சி. ‘துட்ட வெச்சிட்டுத் துன்னு நைனா’ன்னுச்சி. தெருவே சிரிச்சிச்சி. அத்த நீங்க சொல்லவே மாட்றீங்க. நான் இவ்ளோ நேரம் சொல்லுவேன், நீங்க தம்மாத்தூண்டு சொல்லுவீங்க, ஒடனே அவங்க அழுவாங்க. அந்தக் கதைக்கு யாராச்சும் அழுவாங்களா?”

நினைவுக்கு வந்தது. இரண்டு முறையும் அதைக் கேட்டிருந்தேன், கேட்டுவிட்டு வெட்டியிருந்தேன். பஸ் போய்விடுமே என்ற அவசரம் ஒரு பக்கம். கிரைண்டர் கேட்கிற இடத்தில் ரவுடியின் தட்டைப் பிடுங்கியவள் எதற்கு என்ற சாமர்த்தியம் இன்னொரு பக்கம். எனக்கு அவமானமாக இருந்தது. வந்தவர்களாவது அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். அந்த அம்மாவைச் சாகடித்து மட்டுமே காட்டிக்கொண்டிருந்தவள் நான்தான்.

“நாளைக்கு அந்த அக்காகிட்ட நீயே சொல்லு. ஒண்ணு விடாம நான் இங்கிலீஷ்ல சொல்றேன்” என்றேன்.

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தாள்.

“வேணாம் மிஸ். தட்டுக்கு இங்கிலீஷ்ல இன்னா, புடுங்கறதுக்கு இன்னா, அத்த மட்டும் சொல்லிக் குடுங்க. நானே சொல்லிக்கிறேன்.”