ஊரே பார்த்த மிஷின்

அத்தை வீட்டில் ஒரு மிஷின் மூன்று மாதம் சேலை கட்டிக்கொண்டு நின்றது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பழைய வாயில் துணிச் சேலை. அதை யாரும் விலக்கிப் பார்க்கக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. எனக்கு மட்டும் அனுமதி உண்டு. அதுவும் வெளியில் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் கிடைத்தது.

அத்தை என் அய்யாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. மாமா வெளிநாட்டில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு, பள்ளிக்கூடம் விட்டால் பாதி நேரம் அங்கேதான் கிடப்பேன். சாயல்குடியிலிருந்து மாரியூர் போகிற வழியில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். கடல் காற்று வரும், கடல் தெரியாது. மழையை நம்பி மிளகாய் போடுகிறவர்கள். அறுப்பு முடிந்ததும் ஊர்ப் பெண்களுக்கு இன்னொரு வேலை இருந்தது. வத்தல் கடைக்காரர் சாக்குச் சாக்காகக் காய்ந்த மிளகாயை இறக்கிவிட்டுப் போவார். வீட்டில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக் கொடுக்க வேண்டும். கோடையில் வேறு கூலி கிடையாது என்பதால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கை எரிச்சல் இருக்கிறதே, அது கிள்ளியவர்களுக்குத்தான் தெரியும். எண்ணெய் தடவுவார்கள், மோரில் முக்குவார்கள், ஒன்றுக்கும் அடங்காது. அந்த நாட்களில் அம்மா எனக்குத் தலை சீவ மாட்டாள், முகம் கழுவிவிட மாட்டாள். நானே கோணல்மாணலாகச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

இந்த எரிச்சலுக்குத்தான் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு பிழிகிற மிஷினை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாளாம். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாளாம். வீட்டுக்கு வந்து பழைய தையல் மிஷினைப் பிரித்தாள். இரண்டு இரும்புக் குழாய்களின் மேல் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி அருகருகே பொருத்தினாள். காலால் மிதித்தால் குழாய்கள் எதிரெதிராகச் சுற்றும். மேலே வத்தலைக் கொட்டினால் காம்பு இடுக்கில் மாட்டிக்கொண்டு கீழே போய்விடும். எங்கள் பக்கத்து மிளகாய் உருண்டை என்பதால் உடம்பு மாட்டாமல் உருண்டு கூடைக்குள் விழும். முதலில் பாதி நொறுங்கியது. ஒரு ராத்திரி பனியில் காயப்போட்டு லேசாக நமுத்த பிறகு கொட்டினால் நொறுங்காது என்று அத்தையே கண்டுபிடித்தாள். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு மட்டும் கேசரி கிண்டிக் கொடுத்தாள், காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

சேலை கட்டியதற்குக் காரணம் ராமநாதபுரத்தில் நடந்த மகளிர் குழுப் பயிற்சி. புதிதாக ஒன்றைச் செய்தால், வேறு யாரும் அதைச் செய்து விற்காதபடி நம் பேரில் பேட்டன்ட் வாங்க வேண்டும், அதுவரை யாருக்கும் காட்டக் கூடாது என்று அங்கே ஒரு அம்மா சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து சோற்றுத் தட்டைச் சுற்றி அதே பேச்சுதான்.

அய்யாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. “ஏர்க்கலப்பையைக் கண்டுபிடிச்சவன் அதுக்குச் சேலை கட்டி வச்சிருந்தா, நீயும் நானும் இன்னைக்கும் கையாலதான் மண்ணத் தோண்டிக்கிட்டு இருப்போம்” என்றார்.

“அவன் கலப்பையைத் தூக்கிட்டுப் போயி எவனும் டவுன்ல கம்பெனி வைக்கலண்ணே” என்றாள் அத்தை. “இத ஒரு பெரிய ஆளு பாத்து, கரண்டுல ஓடுற மாதிரி செஞ்சுட்டான்னு வையி. அப்பறம் சாக்கு நம்ம ஊருக்கு எதுக்கு வரப்போகுது? பொம்பளைக எல்லாம் என்ன செய்வாளுக? வீட்டுக்கு ஒண்ணு மிதிக்கிற மாதிரிச் செஞ்சு குடுக்கணும். அதுக்குத்தான் கேக்குறேன்.”

அம்மாவுக்கு வேறு சந்தேகம். பேர்தானே வேண்டும், பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி மிஷினில் வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்டாள். எனக்கு அம்மா சொன்னதுதான் புரிந்தது. பேட்டன்ட் என்றால் டெல்லியில் யாரோ ஒருவர் உட்கார்ந்துகொண்டு எல்லா மிஷினிலும் பேர் வெட்டுகிறார், கூட்டம் அதிகம், அதனால்தான் நாளாகிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அவருக்குத் தமிழ் எழுத்து வெட்ட வருமா என்பது என் கவலை.

அதே வருஷம் எங்கள் புஞ்சைக்கு எல்லைக் கல் ஊன்றினார்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு கொஞ்சம் தகராறு. அய்யா ஊரில் எட்டுப் பத்துப் பேரை அழைத்துப் போய் நிறுத்தி, அவர்கள் பார்க்கப் பார்க்கக் கல்லை ஊன்றினார். எதற்கு இத்தனை பேர் என்று கேட்டேன். “நாலு பேரு பாத்திருந்தாத்தான் நாளைக்கு நம்மளதுன்னு சொல்ல முடியும்” என்றார். அதை நான் நன்றாக மனசில் வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் அத்தையின் விரல் குழாய்க்குள் மாட்டி நகம் பெயர்ந்துவிட்டது. சாமிக்குக் காட்டாததுதான் காரணம் என்று அய்யா பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் இரும்பில் எது புதிதாக வந்தாலும், சைக்கிளோ டிராக்டரோ, காளி கோயில் முன்னால் நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டாமல் ஓட்டுவதில்லை. அத்தை மூன்று மாதமாகச் சாமிக்குக் காட்டாமல் மிதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே உள்ளூர ஒரு பயம் இருந்திருக்க வேண்டும், சரி என்றுவிட்டாள். ஆனால் சேலையை அவிழ்க்க மாட்டாள். எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் செவ்வாய்க்கிழமை மத்தியானம், யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்துவிடுவது என்று ஏற்பாடு.

குட்டியானை வண்டியில் மிஷினை ஏற்றினோம். நல்ல காரியம் ஆயிற்றே என்று அம்மா அதன் தலையில் ஒரு முழம் பூவைச் சுற்றிவிட்டாள். அத்தை பக்கத்தில் நின்று அது சாயாமல் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்ததை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. சேலை கட்டி, பூ வைத்து, கோயிலைப் பார்க்க ஒன்று வண்டியில் போகிறது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் குலவை போட்டார். அவ்வளவுதான், மொத்தப் பேரும் குலவையிட்டுக்கொண்டே வண்டிக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். புது அம்மன் வந்திருக்கிறது என்று ஊருக்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

கோயில் வாசலில் ஊரே நின்றது. பூசாரி தட்டோடு வந்து மிஷினைச் சுற்றிப் பார்த்தார். “இப்படிப் போத்திக்கிட்டு வந்தா ஆத்தா எதைத்தா பாக்கும்?” என்று கேட்டபடியே சேலையை உருவிவிட்டார்.

அம்மனை எதிர்பார்த்தவர்களுக்கு முன்னால் சைக்கிள் டியூப் சுற்றிய இரண்டு குழாய்கள். சூடம் காட்டி முடித்ததும் ஒருத்தி, “இது என்னத்தா செய்யும்?” என்று கேட்டாள். அத்தை எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பிழிகிற மிஷின் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஆனால் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் கை எரிய எரியக் கிள்ளுகிறவர்கள். “காம்பு எடுக்கும்” என்றாள்.

யாரோ ஓடிப்போய் ஒரு சொளகு வத்தல் கொண்டுவந்தார்கள். அத்தை உட்கார்ந்து மிதித்தாள். காம்பெல்லாம் ஒரு பக்கம், மிளகாயெல்லாம் ஒரு பக்கம். மறுபடி குலவை, இந்த முறை மிஷினுக்கு. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை, நகம் பெயர்ந்த கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தும்மிக்கொண்டே சிரித்தாள். அவள் போனில் அதையெல்லாம் படம் பிடித்தது நான்தான். கேட்டவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் நான்தான். ஊரே பார்த்துவிட்ட பிறகு என் சத்தியம் தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அத்தை மதுரைக்குப் புறப்பட்டாள். பேட்டன்டுக்கு எழுதிக் கொடுக்கிற ஆபீஸ், குழுப் பயிற்சியில் கொடுத்த விலாசம். தனியாகப் போக வேண்டாம் என்று அய்யா என்னைத் துணைக்கு அனுப்பினார். மாடியில் குளிரூட்டிய அறை. கண்ணாடி போட்ட ஒரு சார், மரியாதையாகப் பேசுகிறவர். மிஷினின் படத்தை அத்தை நோட்டில் வரைந்து கொண்டுபோயிருந்தாள். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நடுவில் கேட்டார்: “இதுக்கு முன்னாடி யாருக்காவது காட்டியிருக்கீங்களாம்மா?”

“இல்ல சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெளியில யாரும் பாக்கலையே? போட்டோ, வீடியோ எதுவும்?”

அத்தை தலையைக் குனிந்துகொண்டு, “யாரும் பாக்கல சார்” என்றாள்.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. அத்தை மறந்துவிட்டாள், அல்லது அந்த அறையைப் பார்த்துப் பயந்துவிட்டாள். யாருமே பார்க்கவில்லை என்று சொன்னால் இது அத்தையுடையது என்று இவர் எப்படி நம்புவார்? கல் ஊன்றவே எட்டுப் பத்துப் பேர் வேண்டியிருந்தது. நான் எழுந்து நின்றேன். “காட்டுனோம் சார். ஊரே பாத்துச்சு. காளி கோயில் முன்னாடி வச்சு அத்தை மிதிச்சாங்க. வீடியோ இருக்கு சார்” என்றேன். அத்தையின் பை என் மடியில்தான் இருந்தது. போனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். அந்த அமைதியான அறையில் எங்கள் ஊர்க் குலவை பெரிதாகக் கேட்டது.

அவர் கடைசிவரை பார்த்தார். “ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கம்மா” என்றார். பிறகு பேனாவை மூடி வைத்தார். “ஊரறிய ஓட்டிக் காட்டினத இனிமே புதுசுன்னு பதியுறது கஷ்டம்மா” என்று மெதுவாகச் சொன்னார். அத்தை நோட்டை மூடி எடுத்துக்கொண்டாள். அவர் பாராட்டியது மட்டும்தான் என் காதில் நின்றது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில், “நான் சொன்னது சரிதான அத்தை?” என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி, “உண்மையத்தான சொன்ன” என்றாள்.

அடுத்த கோடையில் வத்தல் கடைக்காரர் தன் குடோனிலேயே மோட்டார் வைத்துப் பெரிதாக ஒரு மிஷின் போட்டார். ஒளிவு மறைவெல்லாம் இல்லை, எங்கள் ஊர் வீடியோவைப் பார்த்துத்தான் செய்யச் சொன்னேன் என்று அத்தையிடமே பெருமையாகச் சொன்னாராம். எங்கள் ஊருக்குச் சாக்கு வருவது நின்றது. எனக்கோ சந்தோஷம். அம்மா தினமும் தலை சீவிவிட்டாள். நூறு நாள் வேலை இல்லாத நாட்களில் பெண்கள் கருவேலம் வெட்டப் போனார்கள். அத்தை வழியில் எதிர்ப்பட்டால் அவர்கள் முன்போல நின்று பேசுவதில்லை. ஒருத்தி மட்டும், “நீ சும்மா இருந்திருந்தா கை எரிஞ்சாலும் கஞ்சி இருந்திருக்கும்” என்று அத்தையின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அன்று மதுரையில் நான் பேசாமல் இருந்திருந்தாலும் அந்த வீடியோ எப்படியும் சுற்றிக்கொண்டுதானே இருந்தது, நாளைக்கு எவனாவது அதைக் காட்டிப் பேட்டன்டைத் தடுத்திருப்பான் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அது உண்மையும்கூட. ஆனால் சொல்லிக்கொண்டால் மனசு ஆறுவதில்லை.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். ‘உண்மை பேசுதல்’ என்று தலைப்பு. மற்ற பிள்ளைகள் புத்தகத்தில் உள்ள கதைகளைச் சொன்னார்கள். நான் மதுரைக்குப் போன கதையைச் சொன்னேன். பெரியவர்களே தயங்கிய இடத்தில் நான் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன் என்று கையை உயர்த்திப் பேசினேன். முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதைத் தூக்கிக்கொண்டு நான் நேராக ஓடியது அத்தை வீட்டுக்குத்தான்.

அத்தை டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தாள், மூடினாள், “என்ன பேசுன, எங்க சொல்லு பாப்போம்” என்றாள். நான் தூரமாகப் போய் நின்று, தலைவர் அவர்களே என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசினேன். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். அந்த சார் இரண்டாம் முறை கேட்ட இடத்தை அவர் குரலிலேயே பேசிக் காட்டினேன். நான் எழுந்து நின்ற இடம் வந்தபோது அவள் சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுப்பில் பால் இருக்கும் போல என்று நினைத்தேன். உயர்த்திய கையை இறக்காமல் காத்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து அவள் மறுபடி உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கி, மீதியையும் முழுதாகப் பேசி முடித்தேன்.