பெட்டிகளுக்கு நடுவே ஒருத்தி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. யான்ரோங்குக்கு நடந்தது. அவள் இன்றும் சீனாவின் செங்டு நகரில்தான் இருக்கிறாள். விமானத்தில் மட்டும் ஏறுவதில்லை.

கொரோனாவால் பயணிகள் வருவது நின்றுபோன காலம் அது. சும்மா கிடந்த பயணிகள் விமானங்களில் சரக்கு ஏற்றினார்கள். விமானத்தின் அடியில் உள்ள சரக்கறை நிரம்பி, மிச்சம் இருக்கைகளுக்கே வந்தது. மனிதர்கள் உட்கார்ந்த இடத்தில் முகக்கவசப் பெட்டிகள், வலை போட்டுக் கட்டியபடி. காவலுக்கு இரண்டு பணியாளர்கள்.

யான்ரோங்கும் பெய்னியும் விமானப் பணிப்பெண்களாக ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். ஒரே கிண்ணத்தில் நூடுல்ஸ் தின்றவர்கள். ஐரோப்பியத் தடத்துக்குத் தலைமைப் பணிப்பெண்ணாகப் பெய்னியைத் தேர்ந்தெடுத்தார்கள். யான்ரோங் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெய்னி சிரித்தால் எரிந்தது. தலைமைப் பணிப்பெண்ணுக்கென்று கொடுத்த சிவப்புக் கழுத்துத்துணியை அவள் கட்டிக்கொண்டு வந்தால் இன்னும் எரிந்தது.

ஒரு நாள் சரக்கோடு போக வேண்டியவள் பெய்னி. வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிட்டாள். யான்ரோங்கை அனுப்பினார்கள்.

"மனுஷங்களுக்கு அவ. பெட்டிக்கு நானா?"

கூட வந்த மூத்த பணியாளர் குவோ சிரித்தார். "பெட்டிதான்மா நல்லது. டீ கேக்காது. குறை சொல்லாது."

விமானம் மேகத்துக்கு மேலே ஏறியது. ஜன்னலுக்கு வெளியே பளீரென்ற வெயில்.

டிங்...

கடைசி வரிசைக்கு மேலே அழைப்பு விளக்கு எரிந்தது.

"என்ன அண்ணே, பெட்டி டீ கேக்குது?"

"பட்டன்ல இடிச்சிருக்கும். அணைச்சிட்டு வா."

அணைத்துவிட்டு வந்தாள். உட்காரவில்லை... டிங். மறுபடி போனாள். அந்த வரிசையில் மட்டும் வலை அவிழ்ந்திருந்தது. ஒரு பெட்டி நடைபாதையில் இருந்தது. விழுந்த மாதிரி இல்லை. யாரோ எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

குவோவைக் கூப்பிடத் திரும்பினாள்.

டிங்.

முதுகுக்குப் பின்னால்.

பெட்டி இருந்த இருக்கையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைப் பார்த்தபடி. இறுக்கிய கொண்டை. சிவப்புக் கழுத்துத்துணி.

யான்ரோங்குக்கு முதலில் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. இந்தப் பெட்டி வேலையைக்கூட எனக்கு விட மாட்டாளா?

"பெய்னி! வயித்துவலின்னு சொன்னே?"



தோளைத் தொட்டாள்.

ஐஸ்...

அது திரும்பியது.

யான்ரோங்கின் முகம்.

கண் மட்டும் இமைக்கவில்லை.

"அது என் இடம்" என்றது.

அலறல் கேட்டுக் குவோ ஓடி வந்தபோது இருக்கையில் பெட்டி இருந்தது. வலை கட்டியபடி இருந்தது.

தரையிறங்கியதும் போனில் பெய்னியின் அழுகுரல். "ஏன்டி இப்படிப் பண்றே? மத்தியானம் வந்து என் வாசல்ல நின்னே. உள்ள வாடின்னா, 'அது என் இடம்'னு மட்டும் சொன்னே. அந்தப் பதவிதானே? எடுத்துக்கோடி. இனிமே அப்படி இமைக்காமப் பார்க்காதே..."

ஊர் திரும்பி, தனிமைப்படுத்தல் முடிந்த அன்றே யான்ரோங் பெய்னியின் குடியிருப்புக்கு ஓடினாள். வாசல் காவலாளியிடம் கேட்டாள்.

"பெய்னி லீவுல இருந்த அன்னிக்கு நான் இங்க வந்தேனா?"

"வந்தியேம்மா. சீருடையில. நான்தானே நெத்தியில சூடு பார்த்தேன்."

"எவ்வளவு காட்டுச்சு?"

"எண்ணே வரல. மெஷின்ல கோளாறுன்னு நெனச்சேன். பின்னாடி வந்தவருக்குச் சரியாக் காட்டுச்சு. காய்ச்சல் இல்லையே, போகட்டும்னு உன்னை விட்டுட்டேன்."

"எப்போ... திரும்பிப் போனேன்?"

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"போகலையேம்மா. நேத்து சாயங்காலம்கூட பெய்னியோட பால்கனியில நின்னுக்கிட்டிருந்தியே."