மருதாசலம் திருத்திய வருஷம்

மங்கலம் ரோட்டில் இருந்த ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினாறு வருஷமாக டாக்குமென்ட் வேலை பார்த்தவர் மருதாசலம். கப்பலேறும் பெட்டிகளுக்குக் காகிதம் அடிப்பது அவர் வேலை. அதில் ஓர் எழுத்து பிசகினால் பாங்க்காரன் திருப்பி அனுப்பிவிடுவான், சரக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நாதியற்றுக் கிடக்கும். அதனால் பிழை என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட வாழ்த்துவதற்கு முன்னால் சிவப்புப் பேனாவைத் தேடுவார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு 2006இல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வந்து சேர்ந்தது. குரங்கு கையில் பூமாலை கிடைத்தால் பிய்த்துப் போடும். இவர் கையில் கிடைத்தால் எத்தனை பூ என்று எண்ணிப் பார்ப்பார்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா தன் ஊர்ப் பெயரை அடித்துத் தேடினார். தமிழ் விக்கிப்பீடியாவில் ‘கரட்டுப்புதூர் அரசு உயர்நிலைப் பள்ளி’ என்று ஒரு கட்டுரை அகப்பட்டது. அவர் படித்த பள்ளிதான். மொத்தம் எட்டு வரி. கொங்கு நாட்டின் கல்விக் கோயில் என்று முதல் வரி. தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த மில்காரர் ‘கல்வி வள்ளல்’ என்று மூன்றாம் வரி. வாசித்து முடிப்பதற்குள் மருதாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. இதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று மேலே எழுதியிருந்ததைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

கோயிலை எடுத்தார். வள்ளலை எடுத்தார். மில்காரர் தொட்டி கட்டினார் என்பதை மட்டும் விட்டார், அது உண்மை என்பதால். மறுநாள் வள்ளல் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். மறுபடி எடுத்தார். இப்படி இரண்டு வருஷம் ஓடியது. தலைமையாசிரியரைப் புகழ்ந்து ஒருவர் எழுதுவார், அதே தலைமையாசிரியரைத் திட்டி இன்னொருவர் எழுதுவார், இரண்டையும் இவர் கூட்டித் தள்ளுவார். புகழ்ச்சியும் வேண்டாம், வசையும் வேண்டாம், நடந்ததை எழுது, எங்கே அச்சில் வந்தது என்று காட்டு. விக்கிப்பீடியாவின் அந்தச் சட்டம் தனக்காகவே போட்டது போல அவருக்கு இருந்தது. கோலாலம்பூரில் இருந்து குகன் என்றொருவர் இவருடைய வேலையைப் பார்த்துப் பாராட்டி எழுதுவார். முகம் தெரியாத அந்த மனிதரின் இரண்டு வரிப் பாராட்டை வீட்டில் மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். அந்தம்மாள் அதற்குள் குக்கரை இறக்கப் போயிருப்பாள்.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை ஒரு வருஷத்தைப் பற்றி வந்தது. 1978 முதல் உயர்நிலைப் பள்ளியாக இயங்குகிறது என்று கட்டுரை சொன்னது. பழைய பஞ்சாயத்துத் தலைவர் ஒருவரின் பேரன் எழுதியது. தாத்தா தலைவராக இருந்தது அந்த வருஷம், பள்ளியைக் கொண்டுவந்த பெருமை தாத்தாவுக்கே போகட்டும் என்ற பாசம். மருதாசலத்துக்குத் தெரியும், அவர் அங்கே எட்டாவது முடித்த 1983இல் ஒன்பதாம் வகுப்பு என்று ஒன்றே கிடையாது. படிப்பதானால் மங்கலத்துக்கு ஐந்து மைல் போக வேண்டும். ஆனால் எனக்குத் தெரியும் என்றால் போதுமா? ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் போனார். நூலகத்தில் தும்மிக்கொண்டே பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டினார். 1991 ஜூன் மாதத்து இதழ் ஒன்றில், தரம் உயர்த்தப்பட்ட பள்ளிகளின் பட்டியலில், கரட்டுப்புதூர் இருந்தது. தேதி, பக்கம் எல்லாம் குறித்துக்கொண்டு வந்து 1978ஐ அடித்துவிட்டு 1991 என்று எழுதினார். பேரன் வாயடைத்துப் போனான்.

அந்தக் கட்டுரையைப் பிரின்ட் எடுத்து ஆபீசில் தன் மேசைக்கு மேலே ஒட்டினார். கண்ணில் பட்டவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அப்படிப் பார்த்தவர்களில் மயிலாளும் ஒருத்தி.

மயிலாள் அதே கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவள். தைக்க வரும் பெண்களின் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் அவள் பொறுப்பில் இருந்தார்கள். பால் ஆற்றிக் கொடுப்பாள், மூக்குத் துடைப்பாள், கொஞ்சம் வளர்ந்ததுகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பாள். கம்பெனியே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. முதலாளிகூட ஒருமுறை டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டார். கட்டியவன் விட்டுப் போன பிறகு அவளுக்கு அமைந்த ஒரே நல்ல காரியம் அந்த வேலை. அவளும் மருதாசலமும் எட்டாவது வரை ஒரே வகுப்பு. அவர் ஐந்தாவதில் ஒரு வருஷம் நின்று படித்தவர் என்பதால் அவளுக்கு அண்ணன். எட்டாவதில் முதல் மார்க் அவள்தான். ஆம்பளைப் பையன்கள் சைக்கிளில் மங்கலம் போனார்கள். ஐந்து மைலுக்குப் பெண்பிள்ளையை அனுப்ப அவள் வீட்டில் ஒப்பவில்லை.

ஒட்டியிருந்ததை அவள் நின்று வாசித்தாள். நெடுநேரம் வாசித்தாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க,” என்றாள். பிறகு, “ஏனுங்ணா, அந்த வருசத்தப் போடாம உட முடியாதுங்களா?”

“அதெப்படி அம்மிணி? அதுக்குத்தான நான் கோயமுத்தூரு போயி வந்தது,” என்று சிரித்துவிட்டு, ஆதாரம், நடுநிலை என்று கால்மணி நேரம் பாடம் எடுத்தார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். தன் உழைப்பை அவள் மெச்சியதாகவே அவர் நினைத்துக்கொண்டார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே குருடாக இருப்பதும் ஒரு திறமைதான்.

விஷயம் இதுதான். காப்பகம் பார்க்கிறவர் பத்தாவதாவது முடித்திருக்க வேண்டும் என்று கம்பெனியில் ஒரு விதி. ஆறு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது மயிலாளிடம் சான்றிதழ் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டைப் அடிக்கும் கடையில் ஒரு புரோக்கர் அதற்கு இருந்தான். எந்த ஸ்கூல் என்று கேட்டான். கரட்டுப்புதூர் என்றாள். அந்தப் பள்ளியிலேயே 1985இல் பத்தாவது முடித்ததாக அடித்துக் கொடுத்தான். அப்ப அங்க எட்டு வரைக்கும்தானுங்க என்று அவள் சொன்னதற்கு, அதையெல்லாம் எவன் போய்ப் பார்க்கப் போகிறான் என்றானாம். போய்ப் பார்த்தவர் கோயம்புத்தூர் வரை போய்ப் பார்த்தார்.

2008 ஆகஸ்ட்டில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட்டுக்கு ஒரு அம்மா வந்தார். சென்னைக்காரர். வேலை செய்கிறவர்களிடம் தமிழில் பேசி விசாரிப்பதற்கென்றே அனுப்பப்பட்டவர். காப்பகத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதினார். அப்புறம் மயிலாளின் ஃபைலைத் திறந்தார், லேப்டாப்பில் பள்ளியின் பெயரை அடித்தார். முதலில் வந்து நின்றது மருதாசலத்தின் கட்டுரை. பள்ளி உயர்நிலையானது 1991, இந்த அம்மாள் பத்தாவது முடித்தது 1985. ஒரு வட்டம் போட்டார். பதினைந்து நாளில் மறுபடி வருவேன், அதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருதாசலத்துக்கு இதைச் சொன்னவர் ஆட்களைப் பார்க்கும் மேனேஜர் பாண்டித்துரை. விருதுநகர்ப் பக்கத்து மனிதர். கெட்டவர் இல்லை.

“சார், அந்தக் கட்டுரை நீங்க எழுதுனதுதானே? வருசத்த மட்டும் பழையபடி மாத்திப்புடுங்க. நெட்ல தப்பா இருந்துச்சு, இப்பச் சரியாயிருச்சுன்னு சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்.”

“அவதான் எட்டாவதுல ஃபர்ஸ்ட்டுங்க. ஆறு வருசமா ஒரு கொறை உண்டுங்களா?”

“அது எனக்கும் தெரியும் சார். கம்பெனி விதியில பத்தாவதுன்னு எழுதி வச்சிருக்காகளே.”

மருதாசலம் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அந்த வருசத்தப் போடாம உட முடியாதுங்களா என்று அவள் கேட்டது அப்போதுதான் அவருக்குக் கேட்டது. அன்றைக்கு ஒரு பேக்கிங் லிஸ்ட்டில் அளவை மாற்றி அடித்தார், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக. மறுநாள் பூராவும் யோசித்தார். பொய் எழுதுவதா என்று ஒரு மனம். ஒரு வருஷத்தால் யாருக்கு என்ன குடி முழுகிவிட்டது, பேரன் எழுதிய பொய் பாட்டுக்கு இருந்திருந்தால் இவள் நன்றாக இருந்திருப்பாளே என்று ஒரு மனம். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, 1991ஐ அழித்து 1978 என்று எழுதினார். தான் சேர்த்த ஆதாரத்தையும் எடுத்தார்.

பதினொரு நிமிஷத்தில் 1991 திரும்பி வந்துவிட்டது.

மறுபடி மாற்றினார். மறுபடி வந்தது. மூன்றாம் முறை மாற்றியபோது கட்டுரையைப் பூட்டிவிட்டார்கள், யாரும் கை வைக்க முடியாதபடி. விக்கிப்பீடியாவில் அவருடைய பயனர் பக்கத்தில் கோலாலம்பூர் குகன் ஒரு குறிப்பு விட்டிருந்தார்: ‘ஐயா, உங்கள் கணக்கில் வேறு யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று அஞ்சுகிறேன். கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். நீங்கள் இப்படிச் செய்யக்கூடியவர் அல்லர். உங்கள் ஆதாரம் பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம்.’

மருதாசலம் அதை இரண்டு முறை வாசித்தார். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதார். நாற்பது வயது மனுஷன்.

மறு ஆடிட்டுக்கு முந்தின நாள் மயிலாளை நிறுத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் வரை இருந்து கொடுக்கச் சொன்னார்கள். மருதாசலம் நாலு மணி டீயைக் குடிக்காமல் காப்பகத்துக்குப் போனார். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் துணிகளை மடித்துப் பெயர் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“மூணு தடவ மாத்திப் பாத்தன் அம்மிணி. உட மாட்டேங்கறாங்க.”

“எதுக்குங்ணா மாத்தறீங்க? நீங்க எழுதுனது நெசந்தானுங்களே. தொண்ணூத்தொண்ணுலதான வந்துச்சு.” துணியை நீவிவிட்டாள். “நாம படிச்சப்பவே வந்திருந்தா, எனக்கு எதுக்குங்ணா அந்தப் பொய்ச் சீட்டு?”

“இனி எங்க போவ?” என்று மட்டும் கேட்டார்.

“ஊருப் பக்கத்துல பனியனுக்குப் பிசிறு வெட்டறதுக்கு ஆள் கேட்டிருக்கறாங்க. அங்க சீட்டெல்லாம் கேக்க மாட்டாங்க.” அடுத்த துணியை எடுத்து மடித்தாள். “ஏனுங்ணா, தொண்ணூத்தொண்ணுக்கு முன்னாடி எட்டாவதோட நின்னு போனவங்களப் பத்தி உங்க கட்டுரைல ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா?”

“இல்ல அம்மிணி.”

“ஒரு வரி எழுதலாமுங்கல்ல.”

“ஆதாரம் கேப்பாங்க.”

“நான் இருக்கறனுங்களே,” என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. எழுதுவார் என்று நம்பித்தான் சொன்னாள். அச்சில் வந்தால்தான் ஆதாரம், எதிரே உயிரோடு நிற்கிற மனுஷி அதற்குக் கணக்கில்லை என்று எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொன்ன மருதாசலம் அவளுக்கு அதை விளக்கப் போகவில்லை. பாயில் கிடந்த ஒரு குழந்தை விழித்துக்கொண்டு டீச்சர் என்று அழுதது. ஐந்தரை மணி வரைக்கும் அவள் டீச்சர்தான். போய்த் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.