வெட்டியது போக மீதி

விசேஷ வீட்டு வீடியோக்காரன் படம் பிடிப்பவன் என்றுதான் நினைப்பீர்கள். உண்மையில், படத்திலிருந்து எதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டு நடப்பவன் அவன். கிழமை நாட்களில் நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டினேன். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, சனி ஞாயிறுகளில் தோளில் கமராவோடு கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று திரிந்தேன். "இன்னொருக்கால் கேக்கை வாயிலை தீத்துங்கோ, வெளிச்சம் காணாது" என்று ஒருவன் சொல்லச் சொல்ல, சோறு ஆறிக்கொண்டிருக்க, நீங்கள் பசியோடு கதிரையில் காத்திருந்தீர்களே, அந்த ஒருவன் நான்தான். எனக்கும் அப்போது பசிதான்.

நிறைந்த மண்டபம்

ஒரு மாசி மாதக் கலியாணம். கொட்டிய பனியில் திராமன் நகரப் பக்கத்து ஆட்கள் ஒருவரும் வந்து சேரவில்லை. மண்டபத்தில் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. வெளியே அந்தக் குளிர், உள்ளே பெண்ணின் தகப்பனுக்கு வியர்வை. கனடாவில் இருக்கும் அவருடைய தமையன், தன் மகளின் கலியாணத்துக்குச் சனம் நிரம்பி வழிந்த வீடியோவை முன்பே அனுப்பி வைத்திருந்தார். "தம்பி, எப்பிடியாவது நிரப்பிக் காட்டும்" என்றார் இவர்.

வந்திருந்தவர்களை முதலில் முன்வரிசையில் இருத்தி எடுத்தேன். பிறகு அவர்களையே எழுப்பி நடுவில் இருத்தினேன். பிறகு பின்னால். நீலச் சேலை கட்டிய ஒரு மாமி முழங்கால் நோவோடு ஒவ்வொரு முறையும் எழும்பி நடந்தார். வீடியோ கைக்குக் கிடைத்ததும் எனக்கு ஃபோன் எடுத்தார். "தம்பி, நான் இதிலை மூண்டு இடத்திலை இருக்கிறன். ஒரு இடத்திலையாவது என்னைச் சாப்பிட விட்டிருக்கலாம்."

இரவல் அழுகை

செத்த வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். நோய் வந்து திடீரென்று போன ஒரு இளம் ஆள். தாய் யாழ்ப்பாணத்தில், பயணம் செய்ய உடம்பு இடம் கொடுக்காது. இங்கே மயானத்து மண்டபத்தில் ஒரு குடும்பம் வெளியே வரும்போதே அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். வந்தவர்கள் கறுப்புக் கோட்டுகளோடு தலையைக் குனிந்து நின்றார்கள். அழுதவர்களும் கைக்குட்டைக்குள்தான் அழுதார்கள். இந்த நாட்டில் இருந்து இருந்து எங்கள் துக்கமும் சத்தம் போடாமல் இருக்கப் பழகிவிட்டது.

"அம்மா இதைப் பாத்தா, என்ரை பிள்ளைக்கு அழவும் ஒரு ஆளில்லையே எண்டு நினைப்பா. எங்கையாவது இருந்து அழுகைச் சத்தம் எடுத்துப் போடுங்கோ" என்று தம்பிக்காரன் கெஞ்சினான். வேறொரு செத்த வீட்டில் பதிந்த ஒரு பெண்ணின் ஒப்பாரி என்னிடம் இருந்தது; செத்த வீட்டு டேப்பை ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்தச் சத்தத்தை எடுத்து, படத்தில் இந்தச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். வீடியோ ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, தாய் என்னோடு கதைக்க வேண்டும் என்று கேட்டு ஃபோனில் வந்தார். "ஆரோ ஒரு பொம்பிளை என்ரை பிள்ளைக்காக நல்லா அழுதிருக்கிறா, தம்பி. அவவைக் கண்டா நான் கும்பிட்டதாச் சொல்லு."

பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்

படத்தை ஒட்டி முடிக்கும் நாளில் வாடிக்கையாளர் என் வீட்டுக்கு வந்து, கம்பியூட்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். என் மனுசி தேத்தண்ணி கொடுப்பாள். "இந்தப் பாட்டு வேண்டாம், அந்த மச்சாளைக் குறையுங்கோ" என்று அவர் சொல்லச் சொல்ல நான் வெட்டுவேன். சிவநேசனும் அப்படித்தான் வந்தார். ஸ்ட்ரோம்மனில் வீடு, கலா என்று மனைவி, ஒரே மகள். மகளின் ஐந்தாவது பிறந்தநாளை எடுத்தவன் நான்.

கேக் வெட்டும் நேரம் பிள்ளை ஜூஸைத் தகப்பனின் கோட்டில் ஊற்றிவிட்டாள். மண்டபத்தில் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. வீட்டில் திரையில் பார்த்தபோது மற்றதும் தெரிந்தது. மேசைக்குக் கீழே அவர் கலாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறார். அவளுடைய வாய் திறக்கிறது. பிறகு கமராவைக் காண்கிறாள், சிரிக்கிறாள். பக்கத்தில் இருந்தவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "அந்தத் துண்டு வேண்டாம் அண்ணை" என்றார். அந்த இடத்தில், பலூன் வெடித்தபோது பிள்ளை தனியே சிரித்த சிரிப்பை மெதுவாக்கி ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். முழுவதையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். "பாத்தீங்களே அண்ணை, எவ்வளவு சந்தோஷமான குடும்பம்!"

ஊர் கூடிப் பார்த்த படம்

இரண்டு வருடம் கழித்துக் கலா மகளையும் கூட்டிக்கொண்டு, அடி வாங்கிய பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றுக்குப் போனாள். பிள்ளை யாரோடு இருப்பது என்று வழக்கு வந்தது. சிவநேசன் ஒருவரோடும் சண்டைக்குப் போகவில்லை. பிறந்தநாள் டிவிடியைப் பிரதி எடுத்துச் சொந்தக்காரருக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுத்தார். வழக்கறிஞரிடமும் ஒன்று கொடுத்தார். கோயில் அன்னதானத்தில் என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், என் தொழிலைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "படம் அந்த மாதிரித் திறம். இப்பிடிச் சிரிக்கிறவளை ஆர் தம்பி அடிச்சது?"

சத்தியம் செய்த பிறகு

கலா வெட்டாத படத்தைக் கேட்டு வந்தாள். என்னிடம் அது இல்லை. எங்கள் ஆட்கள் பெண்பிள்ளைகளின் படம் வெளியே போய்விடும் என்ற பயத்தில், வேலை முடிந்ததும் மூல டேப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். கம்பியூட்டரில் இருந்ததையும் அவர்களுக்கு முன்னாலேயே அழிக்க வேண்டும். அதுதான் வழக்கம். டேப் சிவநேசனிடம். அவரோ அது எப்போதோ தொலைந்துவிட்டது என்றார். "நான் கண்ணாலை கண்டதைச் சொல்லுறன் பிள்ளை" என்று கலாவோடு நீதிமன்றத்துக்குப் போனேன்.

சொன்னேன். சிவநேசனின் வழக்கறிஞர் குரலை உயர்த்தவே இல்லை. இல்லாத சனத்தை இருப்பதாக நான் படத்தில் காட்டியதுண்டா என்று கேட்டார். சத்தியம் செய்திருந்தேன், ஓம் என்றேன். ஓரிடத்துச் சத்தத்தை இன்னோரிடத்தில் சேர்த்ததுண்டா? அதற்கும் ஓம். யார் கேட்டாலும் கேட்டபடி செய்து கொடுப்பீர்களா? கலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்ப்பவரை நம்பவைப்பதுதான் உங்கள் தொழில். இன்றைக்கு யார் கேட்டு, எங்களை எதை நம்பவைக்க வந்திருக்கிறீர்கள்?"

கலா கேட்ட படம்

மகள் தகப்பனோடு இருக்க வேண்டும், தாய் ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை சனி ஞாயிறுகளில் பார்க்கலாம் என்று தீர்ப்பானது. கொஞ்ச நாளில் கலா அந்த டிவிடியோடு வந்தாள். சொந்தக்காரர் ஒருவரிடம் இரந்து வாங்கியதாம். "அண்ணை, பிள்ளையின்ரை படம் எல்லாம் அந்த வீட்டிலை. இதிலை அவரை எடுத்துப்போட்டு, அவளை மட்டும் வைச்சுத் தாங்கோ."

சிவநேசன் இருந்த அதே கதிரையில் அவள் இருந்தாள். வெட்டத் தொடங்கினேன். பிள்ளை நிற்கும் இடமெல்லாம் அவர் கை இருந்தது: தோளில், தலையில், கேக் வெட்டும் கத்தியில். அவர் இருந்ததையெல்லாம் எடுத்து முடிக்க மிஞ்சியது ஒரேயொரு துண்டு. பலூன் வெடிக்க, பிள்ளை தனியே, மெதுவாகச் சிரிக்கிறாள். நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கலா திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். "இந்தச் சிரிப்புக்குக் கீழைதான் என்ரை கை கிடக்கு எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் தாங்கோ அண்ணை, பிள்ளை வடிவாச் சிரிக்கிறா."

ஆக, நான் எடுத்துக் கொடுத்த படங்களை வைத்துச் சொல்வதென்றால், ஒஸ்லோத் தமிழர் வீடுகளில் இத்தனை வருடத்தில் எவரும் எவரையும் ஒரு அடிகூட அடித்தது கிடையாது.